ஏற்றத்தில் திணறும் டீசல் கார்: ஃபில்டரை நாமே மாற்றலாம்

இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வடக்கே, கடலோரத்திலிருந்தே 600 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது மொந்தே பெல்லெக்ரினோ மலை. அதிலுள்ள குகை ஒன்றில் நகரின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் கோயில் இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் பரவியபோது இந்த மலையில்தான் அவருடைய எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவைதான் ஊரைக் காத்தன என்று பலெர்மோ மக்கள் இன்றும் நம்புகிறார்கள். இலங்கைப் போருக்குத் தப்பி 1980களிலிருந்து இங்கே வந்து வேரூன்றிய தமிழர்களுக்கும் ரொசாலியா சொந்தத் தெய்வம் ஆகிவிட்டார். கத்தோலிக்கர், இந்துக்கள் என்ற பேதம் இல்லாமல் தமிழ்க் குடும்பங்கள் மலையேறுகின்றன. நேர்த்திக்காக நடந்தே போகிறவர்கள் உண்டு. பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு காரில் போகிறவர்களும் உண்டு.

வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலை, பழைய டீசல் காருக்குச் சரியான பரீட்சை. ஊருக்குள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பல்லாரோ சந்தைக்கும் ஓடும்வரை எந்தக் குறையும் தெரியாது. ஏற்றம் வந்ததும் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி இழுக்காது. கியரைக் குறைத்தாலும் பிக்கப் வராது. சில நேரம் இன்ஜின் எச்சரிக்கை விளக்கும் எரியும். டர்போ, இ.ஜி.ஆர். வால்வு என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, எல்லாவற்றிலும் விலை குறைந்த டீசல் ஃபில்டரைத்தான். சமதரையில் இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். பாதி அடைத்த ஃபில்டரும் அதைக் கொடுத்துவிடும். ஏற்றத்தில் தேவை பல மடங்காகும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது.

பலெர்மோவிலும் மதுரையிலும் ஒரே இன்ஜின்

பலெர்மோ வட்டாரத்துக்கும் காருக்கும் உறவு பழையது. உலகின் மிகப் பழைய கார்ப் பந்தயங்களில் ஒன்றான டார்கா ஃப்ளோரியோ, 1906இல் இங்குள்ள மதோனியே மலைச்சாலைகளில்தான் தொடங்கியது. நகருக்குக் கிழக்கே தெர்மினி இமெரேசேயில் 1970இல் ஃபியட் தொழிற்சாலை வந்தது. கடைசி ஆண்டுகளில் லான்சியா இப்சிலோன் கார்களைச் செய்துவந்த அந்த ஆலை 2011இல் மூடப்பட்டது. இப்சிலோனிலும் பான்டாவிலும் புன்ட்டோவிலும் டீசல் மாடல்களுக்குப் பொருத்தப்பட்டது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின். 2003இல் வெளிவந்த இதன் கொள்ளளவு 1248 சி.சி.

தமிழ்நாட்டு வாசகருக்கும் இந்த எண் பழக்கமானதுதான். மாருதி உரிமம் பெற்றுத் தயாரித்து ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா கார்களில் வைத்த டி.டி.ஐ.எஸ். இன்ஜின் இதுவே. டாடா தன் இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்று பெயர் சூட்டியதும் இதையே. இந்தியாவின் ‘தேசிய இன்ஜின்’ என்றே வாகன எழுத்தாளர்கள் இதை அழைத்தார்கள். பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020இல் மாருதி டீசலைக் கைவிட்டாலும், அந்த வண்டிகள் நம் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபில்டர் பொருத்திய விதத்தில் காருக்குக் கார் வித்தியாசம் இருக்கும். காக்க வேண்டிய பொருள் ஒன்றேதான்.

ஃபில்டர் எதைக் காக்கிறது?

இந்த இன்ஜினுக்கு டீசல் ஊட்டும் காமன் ரயில் முறையை உருவாக்கியதில் ஃபியட்டின் ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு போஷ் நிறுவனம் அதை வாங்கி உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 அந்த முறையோடு விற்பனைக்கு வந்தது. இதில் பம்ப் டீசலை அழுத்தி ஒரு குழாயில் நிறுத்தி வைக்கிறது. இன்ஜெக்டர்கள் அதை இன்ஜினுக்குள் பீய்ச்சுகின்றன. கார் டயரின் காற்றழுத்தம் இரண்டு பார் சொச்சம். மல்டிஜெட்டில் டீசலின் அழுத்தம் 1,400 பாரைத் தொடும். அடுத்த தலைமுறை இன்ஜினில் 1,600. இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க இன்ஜெக்டரின் உள்பாகங்களுக்கு நடுவே சில மைக்ரான் இடைவெளிதான் விட்டிருப்பார்கள். கண்ணுக்கே தெரியாத தூசு அங்கே சிக்கினாலும் உலோகத்தை அராவிவிடும்.

ஃபில்டரின் இரண்டாவது வேலை தண்ணீரைப் பிரிப்பது. இந்த பம்புக்கு டீசலேதான் மசகு. டீசலோடு தண்ணீர் சேர்ந்தால் மசகு போகும், துரு பிடிக்கும். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் படியும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். ஐரோப்பிய பெட்ரோல் பங்குகளில் ‘பி7’ என்று குறித்து விற்கும் டீசலில் 7 சதவீதம் வரை தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கலாம். பயோடீசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான படிவு உண்டாகும். ஃபில்டரைச் சீக்கிரம் அடைப்பது அந்தப் படிவுதான்.

புதிய ஃபில்டருக்குச் சில பத்து யூரோ ஆகும். ஒரே ஓர் இன்ஜெக்டருக்குப் பல நூறு யூரோ ஆகும். வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் சம்பாதிக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் ஒரு மாத வீட்டு வாடகை.

வேலையைத் தொடங்கும் முன்

முதலில் கையேட்டைப் பாருங்கள். பல டீசல் கார்களுக்கு 30,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லியிருக்கும். பழைய காரை வாங்கியவர், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் உடனே மாற்றிவிடுவது நல்லது. ஃபில்டரோடு புது ஓ-ரிங்கும் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காற்றோட்டமான, சமமான இடம் வேண்டும். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். டீசல் பட்டால் ரப்பர் குழாய்களும் பெல்ட்டும் ஊறிக் கெடும். அதனால் ஃபில்டருக்குக் கீழே தடித்த துணி விரியுங்கள்.

அடுத்தது இந்த வேலையின் பாதி: சுத்தம். மூடியைத் திறப்பதற்கு முன் ஃபில்டர் கூட்டையும் குழாய் முனைகளையும் மண், பிசுக்கு போகத் துடையுங்கள். திறந்த பிறகு உள்ளே விழும் ஒரு துகள், ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் விழுந்தால், நேராக பம்புக்குப் போகும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

குழாய்களைக் கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளிப்பை அழுத்திக் குழாயை உருவ வேண்டும். நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். சென்சார், ஹீட்டர் ஒயர்களைக் கழற்றுங்கள். திறந்த முனைகளைச் சுத்தமான மூடியால் அடையுங்கள்.

கூட்டில் இருக்கும் டீசலை ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்து, அரை மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகத் தங்கும்; மேலே மஞ்சள் டீசல், கீழே தண்ணீர், நடுவே தெளிவான ஒரு கோடு. கொஞ்சம் தண்ணீர் என்றால் ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. நிறைய இருந்தால் டேங்கைப் பார்க்க வேண்டும். பிறகு ஜாடியை வெயிலில் மெல்லச் சாயுங்கள். மினுமினுக்கும் உலோகத் துகள் தெரிந்தால் பம்ப் தேய்கிறது என்று அர்த்தம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பழைய ஃபில்டரின் மடிப்புகள் கறுத்திருந்தால் பயமில்லை. வழவழவென்று பிசின்போல ஒட்டினால், டேங்கைச் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது.

கூட்டைத் துடைக்க, நூல் உதிராத துணி வேண்டும். புது ஓ-ரிங்கில் சுத்தமான டீசலைத் தடவி மாட்டுங்கள். தண்ணீர் சென்சார் பழைய ஃபில்டரின் அடியில் இருந்தால், அதைப் புதியதில் மாற்றிப் பொருத்த மறக்காதீர்கள். மூடியைக் கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். கேனில் இருக்கும் டீசலைக் கூட்டில் ஊற்றி நிரப்பலாமா என்று பலர் கேட்பார்கள். கையேடு சொன்னால் ஒழிய வேண்டாம். வடிகட்டாத டீசல் அது.

கழற்றிய குழாய்களையும் ஒயர்களையும் படத்தைப் பார்த்து மறுபடி மாட்டி, பேட்டரி முனையையும் இணையுங்கள். இனி ஏர் எடுக்க வேண்டும். டேங்கிலேயே மின்பம்ப் உள்ள வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலையில் பத்து வினாடி வைத்து, அணைத்து, மறுபடி வையுங்கள். நாலைந்து முறை செய்தால் ஃபில்டர் நிரம்பிவிடும். கைபம்ப் உள்ள வண்டியில் அது இறுகும்வரை அழுத்துங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். இன்ஜின் ஓடும்போது எங்காவது கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருமுறை ஓட்டி வந்த பிறகும் பாருங்கள்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். பழைய டீசல் இன்ஜின்களில் அந்த நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்த பழக்கம் இங்கே ஆபத்து. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும், விரலே போகலாம்.

பெட்ரோல் காரின் கதை வேறு. டீசல் ஆவி தீப்பிடிக்க 55 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோல் ஆவிக்கு உறைபனிக் குளிரிலும் ஒரு பொறி போதும். இப்போதைய பல பெட்ரோல் கார்களில் ஃபில்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. அனுபவம் இல்லாதவர் அதை மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

இத்தாலியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாகனப் பழுதுத் தொழிலை ஒழுங்குபடுத்தும் 1992ஆம் ஆண்டின் 122ஆம் எண் சட்டம், ஏர் ஃபில்டரும் ஆயில் ஃபில்டரும் மாற்றுவதைப் பழுதுவேலையில் சேர்க்கவில்லை. அந்த விலக்குப் பட்டியலில் டீசல் ஃபில்டர் இல்லை. உங்கள் காருக்கு நீங்கள் செய்துகொள்வது வேறு. காசு வாங்கிக்கொண்டு ஊராருக்குச் செய்வது உரிமம் பெற்றவர் வேலை.

வடித்த டீசலையும் பழைய ஃபில்டரையும் சாக்கடையிலோ குப்பைத் தொட்டியிலோ போடாதீர்கள். இறுக்க மூடி, மாநகராட்சியின் கழிவுச் சேகரிப்பு மையத்தில் கேட்டுக் கொடுங்கள். தமிழ்நாட்டில் என்றால், கழிவு எண்ணெய் எடுக்கும் ஒர்க்ஷாப்பில் சேர்த்துவிடுங்கள்.

பொறுமையாகச் செய்தால் ஒரு காலைப்பொழுதில் முடியும் வேலை இது. இந்த வாரமே கையேட்டைத் திறந்து, உங்கள் கார் ஃபில்டரின் கெடு எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். தாண்டியிருந்தால், மலை ஏறுவதற்கு முன் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத மையால் ஃபில்டர் மூடியின் மேலேயே எழுதி வையுங்கள். அடுத்து அந்தக் காரை ஓட்டப்போகிறவருக்கும் உதவும்.