சுகமாக இருக்கும்போது போடும் குளிசை

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், சாமி படத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அந்த வீட்டு அக்கா அதைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளித்தாள் கிழியாத குளிசைகள். எண்ணிப் பார்த்தேன், 23.

“மிச்சம் பிடிச்சு வச்சிருக்கேன் தம்பி. மறுபடியும் மருந்து இல்லேன்னுட்டா என்ன செய்யிறது?”

2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போய் மருந்து தட்டுப்பட்டபோது வந்த பழக்கம். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார். இப்போதும் வாரத்தில் ஒன்றிரண்டு டின்னுக்குள் போகிறது. அரிசியிலும் மாவிலும் மிச்சம் பிடித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இந்த ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று அவருக்கு விளங்கும் பாஷையில் யாரும் சொல்லவில்லை.

கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது சி.எம்.எல். நாட்பட்ட மைலாய்ட் லுகேமியா. லயத்தில் அதற்குப் பெயர் ரத்தப் புற்று. அந்தப் பேச்சு வந்ததுமே பாதிப் பேர் அவர் கதை முடிந்தது என்றிருக்கிறார்கள். முதலில் இடப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு பாரம், இரண்டு வாய் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடும், கொழுந்துக் கூடையோடு ஏற்றம் ஏற முடியாத களைப்பு. மண்ணீரல் வீங்கியிருந்தது. ரத்தத்தில் வெள்ளணு எக்கச்சக்கம்.

எலும்பு மச்சையில் ஒரு செல்லின் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதில்தான் இந்த நோய் தொடங்குகிறது. அப்படிக் குட்டையாகிப்போன குரோமோசோமை 1960இல் பிலடெல்பியா நகரில் கண்டார்கள், அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. ‘பெருகு, பெருகு’ என்று வெள்ளணுவை விரட்டும் புரதம் ஒன்று அதனால் உண்டாகிறது. 2001இல் பாவனைக்கு வந்த இமாட்டினிப் அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிறது. வழக்கமாக நாளுக்கு 400 மில்லிகிராம், வாயால் போடும் குளிசை, அவ்வளவுதான். முதல் பெரிய ஆய்வில் இதைக் கொண்டு வைத்தியம் தொடங்கியவர்களில் 100க்கு 83 பேர் 10 ஆண்டு கழித்தும் உயிரோடிருந்தார்கள். இந்த நோய் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் ஒட்டுவதும் இல்லை.

ஆனால் வாயை அடைப்பது வேறு, வேரைப் பிடுங்குவது வேறு. என்னைப் பயமுறுத்துவது இந்த இடம்தான். 2010இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், 87 நோயாளிகளின் மருந்துப் போத்தல் மூடிக்குள் சின்னதாக ஒரு சிப்பை வைத்து, எப்போது திறக்கிறார்கள் என்று மூன்று மாதம் பார்த்தார்கள். 100க்கு 90க்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில் பெரும்பாலானோருக்கு நோயின் தடயம் மிகமிகக் குறைந்திருந்தது. 80ஐத் தாண்டாதவர்களில் ஒருவர்கூட அந்த நிலையை எட்டவில்லை. வாரத்தில் இரண்டு குளிசை விட்டால் 100க்கு 71தான். டின்னைப் பார்த்துக்கொண்டே அந்தக் கணக்கைப் போட்டேன்.

பல வருடம் குளிசை போட்டு, நோயின் தடயத்தை அளக்கும் பிசிஆர் சோதனையில் அது கிட்டத்தட்டத் தெரியாமலே போனவர்கள் வைத்தியரின் கண்காணிப்பில் நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. மாதாமாதம் ரத்தம் பார்க்க ஆள் இல்லாத மலையில் அந்தப் பேச்சே வேண்டாம்.

கிளினிக் நாளில் அக்கா முதல் பஸ் பிடித்து கலஹா, பேராதனை வழியாகக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார். நம்பர், ரத்தம், வைத்தியர், மருந்துக்கு இன்னொரு வரிசை. அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, சம்பளம் இல்லை. மருந்து இலவசம்தான், அதற்கு இந்த நாட்டைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் வைத்தியரோடு கிடைக்கும் நாலைந்து நிமிடமும் சிங்களத்தில் போகிறது. மருந்து உறையில் ஆங்கிலம். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987இல்.

சாப்பிட்ட பிறகு, பெரிய கிளாஸ் தண்ணீரோடு போட வேண்டிய குளிசை இது. அக்கா விடியற்காலை வெறும் வயிற்றில் பிளேன்டீயோடு போட்டிருக்கிறார். குமட்டும், வாந்தி வரும், ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று விட்டுவிடுவார். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, காலையில் கண் ரப்பை வீங்குவது, முகம் வெளுப்பது எல்லாம் மருந்தினால் வரக்கூடியவை, வைத்தியரிடம் சொன்னால் வழி செய்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. சரிவில் நின்று கொழுந்தெடுப்பவருக்குக் கால் பிடிப்பு சின்ன விஷயமா? மேல்நாடுகளில் வயதானவர்களுக்கு அதிகம் வரும் இந்த நோய் நம் பக்கத்தில் முப்பது, நாற்பதிலேயே வருகிறது. இந்தக் குளிசை போடும் காலத்தில் பிள்ளை உண்டாகக் கூடாது, வைத்தியரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. இதைக் கல்யாண வயதுப் பெண்ணுக்கு அரைகுறைச் சிங்களத்தில் எப்படி விளங்க வைப்பது?

மலையகத்தார் வந்துபோகும் ஒவ்வொரு கிளினிக்கிலும் தமிழ் பேசும் ஒருவர், பக்கத்தில் ஒரு கதிரை, ஆளுக்குப் பத்து நிமிடம். புதிய கட்டடம் வரும்போது வரட்டும், முதலில் இதைக் கொடுங்கள்.

அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. டின்னை அப்படியே கொண்டுபோய், எத்தனை நாள் விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். “ஏசுவாங்களே” என்றார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டாள். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் போகப் போவதில்லை. அம்மாவுக்காகச் சிங்களம் பேச அவளும் போகிறாள்.