மாருதி 800 ஏன் எளிதில் அகப்படுவதில்லை?

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், விடியற்காலையிலேயே பட்டுப் பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழைகளைக் கையால் நீவிவிட்டு உலர்த்துகிற நெசவாளர் குடும்பங்கள், வெயில் ஏறுவதற்கு முன் அந்தப் பாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனபிறகுதான் அவ்வழியே வாகனங்கள் தாராளமாக நடமாட முடியும். அப்பொழுதும், ஒருபுறம் வாசற்படி, மறுபுறம் கால்வாய் விளிம்பு, இடையே வரிசையாக நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்கள் என்று எல்லாம் போக எஞ்சுகிற சந்தில் ஒரு கார் நுழைந்து, திரும்பி, சிராய்ப்பில்லாமல் வெளியே வரவேண்டுமானால், அது மாருதி 800 ஆக இருந்தால் சௌகரியம் என்பது அத்தெருக்காரர்களில் அநேகருடைய அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்துக்கு அளவுகோலின் சாட்சியமும் உண்டு. மாருதி 800-இன் அகலம் 1,440 மில்லிமீட்டர், நீளம் 3,335 மில்லிமீட்டர். அதே நிறுவனம் இன்று விற்கிற ஸ்விஃப்ட் காரோ 1,735 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதாவது ஏறக்குறைய ஓர் அடி அதிகம். நெடுஞ்சாலையில் ஓர் அடி ஒரு பொருட்டில்லை. சின்னக் காஞ்சிபுரத்துச் சந்துகளில் அந்த ஓர் அடிதான் கார் வீட்டு வாசலில் நிற்குமா, தெருக்கோடியில் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே, ஓய்வுபெற்ற ஆசிரியரும், வைதிக காரியங்களுக்காகச் சுற்றுக் கிராமங்களுக்குப் போய்வருகிற புரோகிதரும், மகளுக்குக் கார் ஓட்டப் பழக்கிவிட நினைக்கிற பட்டுச் சேலை வியாபாரியும், உற்பத்தி நின்றுபோன இந்த வண்டியையே இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். விசாரிக்கிறவர்களுக்கு அது எளிதில் அகப்படுவதுமில்லை. இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியாகி நாடெங்கும் ஓடிய வண்டி எப்படி அரிய பொருளாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், நம் நாட்டில் சிறிய கார் எந்தக் காலத்தில்தான் சுலபமாகக் கிடைத்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை. பஞ்சம் எப்பொழுதும் இருந்தது. அதன் காரணந்தான் காலத்துக்குக் காலம் மாறிற்று.

முதற்காலத்துப் பஞ்சம் சர்க்காரின் சிருஷ்டி. சுதந்திரத்துக்குப் பின், கார் என்பது சுகவாசிகளின் ஆடம்பரம், அதற்காக அன்னியச் செலாவணியையும் உருக்கையும் செலவிடலாகாது என்ற கொள்கையின் பேரில், எந்த நிறுவனம் எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸும், என்ன விலைக்கு, யாருக்கு முதலில் விற்கலாம் என்பதற்கு 1959-ஆம் வருஷத்துக் கட்டுப்பாட்டு உத்தரவும் அமலில் இருந்தன. கல்கத்தாவுக்கு அருகே அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றே மூன்று வண்டிகள் நாட்டின் ஆசையையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தன. இவற்றுள் ஹெரால்டு நம் ஜில்லாவின் சொந்தப் பிள்ளை. காஞ்சிபுரம் அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது, பெருங்களத்தூரும் அப்படியே. ஆயினும் தொழிற்சாலை பக்கத்தில் இருந்ததனால் ஜில்லாவாசிக்கு வரிசையில் ஓர் இடம்கூட முன்னால் கிடைத்துவிடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் நாடு முழுவதற்குமாக வருஷத்துக்கு ஐம்பதினாயிரம் கார்கூட உற்பத்தியாகவில்லை என்பதைச் சொன்னால், பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களின் பொறுமையைப் பற்றித் தனியே வர்ணிக்கத் தேவையில்லை.

சாமானியருக்கு ஒரு சிறிய கார் வேண்டும் என்ற யோசனை அந்தக் காலத்திலேயே எழாமலில்லை. 1960-இல் எல். கே. ஜா தலைமையிலான குழு மோட்டார்த் தொழிலை ஆராய்ந்தபோது அந்தப் பேச்சும் வந்தது; அதன்பின் பேச்சு பேச்சாகவே இரண்டு தசாப்தம் கழிந்தது. 1971-இல் சஞ்சய் காந்தி தொடங்கிய மாருதி கம்பெனி காரை வெளியிடாமலே நொடித்துப்போக, அதன் ஆஸ்திகளை அரசாங்கம் ஏற்று, 1981-இல் மாருதி உத்யோக் என்ற நிறுவனத்தை ஏற்படுத்தி, மறுவருஷம் ஜப்பானின் சுசூகியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 1983-இல் பதிவு திறந்தபோது, பார்த்திராத காருக்காக, பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். பத்தாயிரம் என்பது அன்றைக்குச் சிறு தொகையன்று. வண்டியின் விலையே ஐம்பதினாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. யாருக்கு முதல் வண்டி, யாருக்கு லட்சமாவது வண்டி என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை ஒருவரிடம் ஒப்படைத்தார்.

இங்கேதான் விலை என்பதைப் பற்றிய ஒரு விநோதம் நிகழ்ந்தது. குலுக்கலில் முன்னால் வந்தவர், காரைப் பெற்ற கையோடு, பின்னால் நின்றவரிடம் பல ஆயிரம் ரூபாய் அதிகம் வாங்கிக்கொண்டு விற்கலானார். ஆகவே பழைய கார் புதுக்காரைவிட விலை உயர்ந்ததாயிற்று. கிழக்கு ஜெர்மனியில் டிராபான்ட் என்ற சிறு காருக்கும் இதே கதிதான். பத்து வருஷத்துக்கு மேல் வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால், நாலைந்து வருஷம் ஓடிய டிராபான்ட் புதியதைக் காட்டிலும் அதிக விலைக்குப் போயிற்று. அதிகப்படியான அந்தத் தொகை தகரத்துக்கும் என்ஜினுக்கும் உரியதன்று. வரிசையைத் தாண்டுவதற்குக் கொடுக்கிற கட்டணம். 2009-இல் டாட்டா நானோவுக்கு இரண்டு லட்சம் பேர் பதிவு செய்து, முதல் லட்சம் பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தபோதும் இந்தக் கட்டணம் தலைகாட்டும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். நானோவின் விதி வேறு விதமாக முடிந்தது.

1998 செப்டம்பரில் இந்தப் பஞ்சம் தீர்ந்ததென்று சொல்லலாம். தீர்த்துவைத்ததும் காஞ்சிபுரம் ஜில்லாதான். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் கட்டிய ஆலையிலிருந்து, தலைப்பாகை கட்டிய பெரியவர் குனியாமல் உட்காரக்கூடிய உயரத்தோடு சான்ட்ரோ வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் டாட்டா இண்டிகாவும் வந்து சேர்ந்தது. காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரப் பிரயாணத்தில் கார் பிறக்கும் இடத்தையே பார்த்துவிடலாம் என்றாயிற்று. பணம் இருந்தால் கார் உண்டு. வரிசை இல்லை, குலுக்கல் இல்லை, தெரிந்தவர் சிபாரிசும் இல்லை.

அப்படியிருக்க இப்பொழுது மறுபடி ஏன் தட்டுப்பாடு? இதற்கு விடை 2010 ஏப்ரலில் இருக்கிறது. அந்த மாதத்திலிருந்து சென்னை உள்ளிட்ட பதின்மூன்று நகரங்களில் பாரத் ஸ்டேஜ் நான்கு என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. மாருதி 800-இன் என்ஜினை அதற்கேற்பத் திருத்துவதில்லை என்று நிறுவனம் முடிவு செய்து, அந்த நகரங்களில் மட்டும் விற்பனையை நிறுத்திற்று. ஏனைய ஊர்களில் விற்பனை தொடர்ந்து, 2014 ஜனவரி 18 அன்று உற்பத்தியே நின்றது. இதனால் விளைந்த பலன் என்னவென்றால், சென்னைப் பதிவெண் தாங்கிய 800-களுள் இளையவையே பதினைந்து வயதைத் தாண்டிவிட்டன; அதற்குப் பிந்திப் பிறந்தவற்றைத் தேடுகிறவர் டி.என். 21 என்ற காஞ்சிபுரம் எண்ணையும் அதுபோன்ற வெளியூர் எண்களையும் நாடவேண்டியிருக்கிறது. தலைநகரத்துக்காரர் காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்க வருவது வழக்கம். இப்பொழுது சிலர் 800 வாங்கவும் வருகிறார்கள். அத்திவரதர் 1979-இல் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளியபோது இந்தக் கார் பிறக்கவில்லை. 2019-இல் மறுபடி எழுந்தருளியபோது அதன் உற்பத்தி நின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு இடைவெளிக்குள் அடங்கிவிட்ட ஆயுளை உடைய வண்டிக்கு இத்தனை பேர் அலைகிறார்கள் என்பது வேடிக்கைதான்.

ஆனால் வண்டி இல்லை என்பது முழு உண்மையன்று. வண்டிகள் இருக்கின்றன, பத்திரம் சரியாக உள்ள வண்டிகள்தாம் இல்லை. தனியார் காரின் பதிவு பதினைந்து வருஷத்துக்குச் செல்லும். அதன்பின் வாகனத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓட்டிச்சென்று காட்டி, தகுதி பார்த்து, பசுமை வரி செலுத்தி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்தப் புதுப்பிப்புக்கு முன்பு அறுநூறு ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ஐயாயிரமாயிற்று. இருபது வருஷத்தைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் பத்தாயிரம் ஆக்கப்பட்டது. டில்லியில் பதினைந்து வருஷத்துப் பெட்ரோல் வண்டிகளுக்கு உள்ள தடை இங்கே இல்லை; அந்த விஷயத்தில் நாம் பாக்கியசாலிகள். எனினும், கட்டணத்தையும் டிங்கர் வேலைக்கு ஆகும் செலவையும் கூட்டிப் பார்த்த சொந்தக்காரர் பலர், வண்டியைப் புதுப்பிக்காமலே கொட்டகையில் போட்டுவிடுகிறார்கள். விலையை நிர்ணயிப்பது வண்டி ஓடிய கிலோமீட்டரைவிட, பதிவில் மீதமிருக்கும் வருஷமே என்பதன் காரணம் இதுதான்: 2013-இல் பதிவான வண்டிக்கு 2028 வரையில் கவலையில்லை, 2005-இல் பதிவான வண்டியை வாங்குகிறவர் இரண்டாம் முறை புதுப்பித்த சீட்டைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

புரோக்கரிடம் போகிறவர் கேட்கப்போவது என்ன என்பதும் ஒருவாறு முன்கூட்டியே தெரிந்ததுதான். "சிங்கிள் ஓனர் சார், வாத்தியார் வண்டி, கோயிலுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினது" என்பார். இத்தனை கோயில்கள் உள்ள ஊரில் அது அற்ப ஓட்டமாகாது என்பதை வாங்குகிறவர் மனத்துக்குள் வைத்துக்கொண்டு, மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தெரிந்த மெக்கானிக் முதலில் என்ஜினைத் தொடுவதில்லை. ஓட்டுநர் காலடியில் இருக்கும் மேட்டைத் தூக்கி, தரைத்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். துரு உள்ளிருந்து தின்றிருந்தால் தகடு மெத்தென்று உள்வாங்கும். அடுத்து டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பார்க்கிறார். நீர் தேங்கிய கறை இருந்தால், 2015-ஆம் வருஷத்து மழை வெள்ளத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார். கதவோரத்தில் விரல் முட்டியால் தட்டினால், தகரமாயின் கணீரென்றும், பட்டி பார்த்து மூடிய இடமாயின் மந்தமாகவும் சத்தம் வரும். பிறகு பானெட்டைத் திறந்து, எழுத்துக்கள் பொறித்த தகட்டைத் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார்; தாளில் எழுந்துவருகிற சேஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பின்புதான் ஸ்டார்ட் செய்யச் சொல்கிறார். பெயர் மாற்றத்தின்போது போக்குவரத்து அலுவலகத்தில் எப்படியும் கேட்கப் போகிற தாளை முதல்நாளே எடுத்துவிடுவது உத்தமம்.

என்ஜின் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. மூன்று சிலிண்டர், 796 சி.சி.; தமிழ்நாட்டில் எந்தப் பட்டறைக்காரரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது, இரண்டில் பிந்தியதையே தேர்ந்தெடுப்பது நலம் என்பது என் கருத்து. இப்பொழுது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல என்பதால், வாங்கியவுடன் பெட்ரோல் குழாய்களை மாற்றிவிடும் செலவையும் கிரயத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். காற்றுப்பை கிடையாது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஊருக்குள்ளும் வாலாஜாபாத் வரையிலும் ஓட்ட இது போதும், திருச்சி நெடுஞ்சாலைக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவ்வளவு தூரம் போகிறவருக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. பதினெட்டு விழுக்காடாகக் குறைந்திருப்பதால், புதுக்காரே சிலாக்கியம்.

கடனில் வாங்கிய வண்டியானால், கடன் அடைத்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் இருப்பது சர்வசாதாரணம், வங்கியிடமிருந்து என்.ஓ.சி.யும் 35-ஆம் எண் படிவமும் வாங்கி அதை நீக்கித் தரும்வரையில் டோக்கன் அட்வான்ஸுக்கு மேல் கொடுக்கலாகாது. அதன்பின் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்திட வேண்டும். மாநிலத்துக்குள் விற்கிறவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குகிறவர் முப்பது நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. நம் பக்கத்தில் இந்தப் பெயர் மாற்றத்தை வாங்குகிறவருடைய வேலை என்று எண்ணி, விற்றவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார். வண்டி கை மாறி, கை மாறி எங்கேயோ ஒருவரை இடித்துவிட்டால், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகையால் பெயர் மாற்றச் செலவை யார் ஏற்பது என்று பேரம் முறியும் நிலை வந்தால், அந்தச் சில நூறு ரூபாயை விற்கிறவரே போட்டு, அலுவலகத்துக்குக் கூடவே போய் முடித்துவிட்டு வருவது அவருக்குத்தான் லாபம்.