கல்பாசி வைத்திருக்கும் கணக்கு

சான்ட்ரிங்ஹாமில் பிரியாணிச் சரக்கு வாங்கும்போது கறுத்த சருகுபோல ஒன்றும் பையில் ஏறும். அதுதான் கல்பாசி. அதற்கு வேர் இல்லை. காற்றும் மழையும் கொடுப்பதையே தின்று வளர்கிறது. ஆகவே காற்றில் பாதரசம் இருந்தால் அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

கொடைக்கானலில் அமெரிக்காவிலிருந்து வந்த வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் தொடங்கியது; பிறகு அது இந்துஸ்தான் லீவர் வசமானது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடியை ஊரார் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடித்ததும் 2001இல் மூடினார்கள். வாங்கிய பாதரசம் எவ்வளவு, வெப்பமானியில் போனது எவ்வளவு, மீதி எங்கே? எங்களைப் போன்ற கணக்காளர் முதலில் கேட்பது இதைத்தான். கம்பனி சொன்ன கணக்கை ஊரார் நம்பவில்லை.

ஹைதராபாத் அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் மரத்துப் பாசிகளிடம் கேட்டார்கள். பாசியைச் சூடாக்கினால் பாதரசம் பறந்துவிடும் என்பதால், இப்படியான சோதனையில் மெதுவாக உலர்த்தி, மூடிய பாத்திரத்தில் அமிலத்தில் கரைப்பது வழக்கம். வெள்ளீய உப்புச் சேர்த்ததும் பாதரசம் ஆவியாக எழும். அதனூடாக 253.7 நனோமீற்றர் புறஊதா ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு விழுங்கப்பட்டது என்று பார்ப்பார்கள். 2003இல் முடிவு வெளிவந்தது: தொலைவிலுள்ள பேரிஜம் ஏரிப் பாசியைவிட ஆலைப்பக்கப் பாசியில் பாதரசம் அதிகம்.

ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அதன் நீர் சமவெளிக்கு இறங்குகிறது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு 2016 மார்ச்சில் கம்பனி உடன்பாடு செய்தது. தொகையை வெளியில் சொல்லவில்லை.