பழைய கணினியில் உபுண்டு எழும்ப மறுத்தால்...

வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் ஏற்றி உபுண்டு பழகிப் பார்க்கப் படிவம் 5 மாணவர்கள் சிலர் ஆசைப்படுகிறார்கள். மென்பொருள் சிக்கலில்லாமல் ஏறிவிடும். உபுண்டுவைத் தொடக்கும்போதுதான், 'விடி-எக்ஸ்' முடக்கப்பட்டுள்ளது என்ற பிழைச்செய்தி வரும். உடனே "புதுசு வாங்கணும்" என்று அப்பாவிடம் போய் நிற்காதீங்க. பெரும்பாலும் அந்த வசதி ப்ராசஸரில் இருக்கும். பயாஸில் அணைந்து கிடக்கும், அவ்வளவுதான்.

விண்டோஸ் 10 என்றால் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்து 'விர்ச்சுவலைசேஷன்' வரியைப் பாருங்கள். 'டிசேபிள்ட்' என்றிருந்தால் நல்ல செய்தி!

பயாஸைத் தொடும் முன் ஒன்று. ஆசிரியர்களே, உங்கள் கணினியில் பிட்லாக்கர் இருந்தால் மீட்புக் குறியீட்டை முதலில் எழுதி வையுங்கள். பயாஸை மாற்றியபின் கணினி அதைக் கேட்கலாம்; கையில் இல்லாவிட்டால் தேர்வுத்தாள், புள்ளிப் பட்டியல் எல்லாம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

பிறகு மறுதொடக்கம் செய்து எஃப்2 அல்லது எஃப்10 அழுத்துங்கள் (பொத்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்). இன்டெலில் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டியில் 'எஸ்விஎம்' என்றிருக்கும். அதைத் திறந்து, சேமித்து வெளியே வாங்க. சில பழைய கணினிகளுக்கு ரீஸ்டார்ட் மட்டும் போதாது. முழுக்க அணைத்துவிட்டுப் போட்டால்தான் மாற்றம் பிடிக்கும். "மாத்தியும் வரலையே" என்பவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

'நோ பூட்டபிள் மீடியம்' என்று வந்தால் அது வேறு கதை: ஐஎஸ்ஓ கோப்பு இணைக்கப்படவில்லை.

ப்ராசஸரிலேயே வசதி இல்லையென்றால், 2019-இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் அதற்கு ஆதரவு கிடையாது. யுஎஸ்பியிலிருந்து லுபுண்டுவை நேரடியாக ஓட்டலாம். எதையும் நிறுவத் தேவையில்லை.