தேவர் நகரில் முதுகுப் பையுடன்



முதுகிலே ஒரு பை, மடியிலே சிறு தொகைப் பணம்; இவ்விரண்டையும் துணையாகக் கொண்டு தேசங்கள் பலவற்றைச் சுற்றிவரும் இளைஞர் கூட்டம் ஒன்று உண்டு. தென்கிழக்காசியாவைக் காண விழையும் இவர்களிற் பலர் முதன்முதலாக வந்திறங்கும் இடம், சயாம் என்று நம் முன்னோர் வழங்கிய தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக் ஆகும்.

பாங்கொக் என்பது பிறர் வழங்கும் பெயர். அந்நாட்டார் தம் தலைநகரைக் 'குருங் தேப்' என்பர். தேவர் நகரம் என்பது அதன் பொருள். முழுப் பெயரையும் சொல்வதற்கு ஒரு மூச்சுப் போதாது. இந்திரன், விசுவகர்மன், அயோத்தி ஆகிய பெயர்களெல்லாம் அதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. 1782 ஆம் ஆண்டில் முதலாம் இராமர் என்னும் அரசர் சாவோ பிரயா நதியின் கீழ்க்கரையில் இந்நகரை நிறுவினார்.

பை சுமந்து வருவோர் பெரும்பாலும் நாடுவது காவோ சான் வீதியையே. அப்பெயர் அரிசியைக் குறிப்பது. முன்னாளில் அங்கே அரிசி வாணிகம் நடைபெற்றது. வீதியின் நீளம் ஏறத்தாழ 400 மீற்றர். 1980களில் அங்குள்ள வீட்டார் சிலர் மலிவான வாடகைக்கு அறைகளை விடத் தொடங்கினர். நாளடைவில் வீதி முழுவதுமே விடுதியாயிற்று. உறக்கத்தை விரும்புவோர் அடுத்த வீதியில் அறை தேடுவதே நன்று.

அரண்மனையைக் காணச் செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை. வழியில் நல்லுடை உடுத்த ஒருவர் எதிர்ப்பட்டு, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது" என்று இரக்கத்தோடு கூறுவார். மூன்று சக்கர வண்டி ஒன்றும் ஆயத்தமாக அருகே நிற்கும். அது கொண்டுபோய் விடுமிடம் இரத்தினக் கடை. விற்பனையில் ஒரு பங்கு அழைத்துவந்தவர்க்குச் சேரும். ஆதலால் வாயில்வரை தாமே சென்று பார்த்துவிடுவது நலம்.

நகரின் உயிரோட்டத்தை உணர விரும்புவோர் சேன் சேப் வாய்க்காலில் ஓடும் படகில் ஏற வேண்டும். மூன்றாம் இராமர் காலத்தில், 1837 முதல் 1840 வரை, கிழக்கே போர்முனைக்குப் படைகளை அனுப்புவதற்காக வெட்டப்பட்ட வாய்க்கால் இது. வீதிகளில் மோட்டார் வண்டிகள் நெருங்கி அசைவற்று நிற்க, அலுவலகம் செல்வோரும் மாணவரும் இந்நீர்வழியே விரைந்து செல்கின்றனர். நீரோ கரியது, நாற்றமுடையது. எதிரே வேறொரு படகு வரும்போது ஓரத்திலிருப்போர் கயிற்றை இழுத்துத் திரைச்சீலையை உயர்த்திக்கொள்வர். கட்டணம் வாங்குபவர் படகின் வெளிவிளிம்பிலேயே கால் பதித்து நடப்பார். தாழ்ந்த பாலம் வந்தால் கூரையே கீழிறங்கும். அவரும் உடன் குனிவார். பயணிகளிடையே எவ்விதப் பரபரப்பும் இல்லை.

படகுத் துறையிலிருந்து சிறிது தூரம் நடந்தால், செந்நிறம் பூசிய இரு பெருந்தூண்கள் வானளாவி நிற்பதைக் காணலாம். இராட்சத ஊஞ்சல் என்பது இதுவே. ஏறத்தாழ 21 மீற்றர் உயரம், தேக்கு மரத்தாலானது, பழைய தூண்கள் உளுத்தமையால் 2007 இல் புதிதாக நிறுவப்பட்டது. முற்காலத்தில் ஆடவர் சிலர் இவ்வூஞ்சலில் நின்று உயர உயர ஆடி, மூங்கிற் கழியில் தொங்கிய பணமுடிப்பைப் பல்லாற் கவ்வுவர். 1935 இன் பின் இவ்வாட்டம் நடைபெறவில்லை.

இவ்விழாவின் பெயர் நேயர்களுக்குப் புதிதன்று. தாய்லாந்து மொழியில் அதனைத் 'திரியம்பவாய் திரிபவாய்' என்பர். திருவெம்பாவை, திருப்பாவை என்பனவே அவ்வாறு திரிந்து வழங்குகின்றன. விழா நிகழும் காலமும் நமது மார்கழியை ஒட்டியதே. ஈழத்தவரான தனிநாயகம் அடிகளார் இத்தொடர்பை 1950களில் ஆராய்ந்து எழுதினார். அரசவைப் பிராமணர் தலைமுறை தலைமுறையாக இப்பாடல்களை ஓதி வந்துள்ளனர். தமிழ் என்னும் மொழி அவர்களிடமிருந்து மறைந்த பின்னரும் ஓதுதல் நிற்கவில்லை. பொருள் போயிற்று, ஒலி எஞ்சியது. அவ்வொலியும் தாய்லாந்து மக்களின் நாவுக்கேற்ப வளைந்துவிட்டது. நம்மவர் ஒருவர் அருகிருந்து கேட்டாலும் தம் மொழியென அறிவது எளிதன்று.

ஊஞ்சல் ஆடுவது ஒழிந்தபோதிலும் வழிபாடு ஒழியவில்லை. சில நிமிட நடையில் தேவஸ்தானம் என்னும் கோயில் உண்டு. 1784 இல் அமைக்கப்பட்ட அதனுள்ளே சிவன், பிள்ளையார், திருமால் ஆகியோருக்கெனத் தனித்தனியே மூன்று ஆலயங்கள். பை சுமந்து வருவோர் பெரும்பாலும் செந்நிறத் தூண்களைப் படமெடுத்துக்கொண்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். தமிழ் கேட்டுப் பழகிய செவியுடையோர் மட்டுமேனும் அக்கோயில் வாயிலிற் சற்றே நின்று செல்லலாம்.