அரை மில்லிமீட்டர் தோல்

கடல் படகைத் தார்ச்சாலையில் நான் முதன்முதலாகப் பார்த்தது 2015 டிசம்பரில். சென்னையின் தெற்குப் புறநகர் பெருங்களத்தூர். அதை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாற்று வெள்ளம். கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிவந்து, தெருவில் இறக்கி, மொட்டைமாடிகளில் நின்றவர்களை மீட்டார்கள். அந்த மனிதர்களைப் பற்றி ஊரே பேசியது, பேச வேண்டியதுதான். படகுகள் பட்ட பாட்டைப் பேசியவர்கள் குறைவு. தண்ணீருக்கடியில் மறைந்திருந்த கேட்டுக் கம்பி, காம்பவுண்டுச் சுவர், கார் கூரை எல்லாவற்றிலும் வயிறு உரசித்தான் அவை போய்வந்தன.

அந்த உரசலின் விலை எனக்குப் பிறகு கோவளம் கரையில்தான் புரிந்தது.

சிறுவனாக நான் கோவளம் போன எண்பதுகளில் கரை முழுக்கக் கட்டுமரம். பாடு முடிந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள். ஈரம் குடித்த மரம் கனக்கும். வெயில் அதை மீண்டும் இலேசாக்கும். கட்டுமரத்துக்கு ‘உள்ளே’ என்று ஓர் இடமே கிடையாது. அலை கட்டைகளின் இடுக்கில் ஏறி இடுக்கிலேயே வடியும். ஆகவே ஒழுகல் என்ற பேச்சும் இல்லை. கல்லில் மோதிச் சில்லு பெயர்ந்தால் பெயர்ந்த மரத்தோடு மறுநாள் கடலுக்குப் போகலாம். பழுது பார்ப்பது என்றால் பெரும்பாலும் கயிறு மாற்றுவது, கட்டை உளுத்தால் கட்டையை மாற்றுவது.

இன்று அதே மணலில் வரிசையாக ஃபைபர் படகுகள். மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அலையடிக்கும் மணற்கரையில் ஏறி இறங்கத் தோதான ஃபைபர் படகுகளை அது எண்பதுகளில் சோதித்துப் பார்த்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி கட்டுமரங்களை அடித்துப்போட்ட பிறகு, நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பகுதி ஃபைபர் படகுகளே. மோட்டார் மாட்டினால் நெடுந்தூரம் போகும், நிறைய மீன் ஏற்றும். ஆனால் இதற்கு உள்ளே, வெளியே என்று இரண்டு பக்கம் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த சுவர். அந்தச் சுவருக்கு வெளித்தோல் ஜெல்கோட். படகு வார்க்கும்போது அச்சில் முதலில் பூசுவது அதைத்தான். கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அது கிழிந்தால் தண்ணீர் மெல்ல மெல்ல நாருக்குள் இறங்கும். வெளியே கொப்புளம், உள்ளே ஊறிப்போன சுவர். பளபளப்பு வேண்டுமென்று மட்டும் யாரும் ஜெல்கோட்டைச் சரிசெய்வதில்லை.

அந்தக் கரையில் ஒரு முறை காலை ஆறு மணிக்கே ஒரு படகு மேஸ்திரி வேலையில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறினால் கலவை கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும். படகின் முன்பக்க அணியத்துக்குக் கீழே உள்ளங்கை அகலக் காயம். விரிசலைச் சுரண்டிச் சரிவாக்கி, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தார். ஜெல்கோட்டில் நிறம் கலந்து, ஹார்ட்னரை நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்ற கணக்கில் ஊசிக்குழாயால் அளந்து விட்டார். நிறத்தில்தான் சிக்கல். கடையில் வாங்கும் வெள்ளை வேறு, பத்து வருஷம் வெயில் தின்ற வெள்ளை வேறு. பக்கத்துப் பரப்பை ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து, மாவாய்ப் படிந்த மேலடுக்கை எடுத்தபின்தான் படகின் உண்மையான நிறம் தெரிந்தது. ஒரு சொட்டு வைத்து, இறுகிய பிறகு பார்த்து, மஞ்சள் துளியூண்டு சேர்த்தார்.

காயத்தில் கொஞ்சம் மேடாகவே நிரப்பினார், இறுகும்போது சுருங்கும் என்பதால். மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினார். காற்றுப் பட்டால் ஜெல்கோட் மேலாக இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும்.

இறுகியதும் பென்சிலால் அந்த இடம் முழுக்கக் கிறுக்கினார். கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பரால் தேய்க்கும்போது மேட்டில் கிறுக்கல் அழியும், பள்ளத்தில் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாததைப் பென்சில் காட்டிக்கொடுத்தது. 220-ல் தொடங்கி 400, 600, 1000, 1500. ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பரின் கோடுகளை அழிக்க வேண்டும். ஒன்றைத் தாண்டினால் பாலிஷில் அந்தக் கோடு எழுந்து நிற்கும். அவசரப்பட்டு அழுத்தினால் பழைய தோலே தேய்ந்து நார் வெளியே வந்துவிடும். மெல்லிய தோலில் தேய்க்க எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். கடைசியில் கம்பளிச் சக்கரத்தில் பஃபிங், மேலே மெழுகு.

இந்தச் சொற்களெல்லாம் எனக்குப் பழக்கமானவை. ஜி.எஸ்.டி. சாலையோர டிங்கரிங் கடைகளிலும் இதே வாட்டர் பேப்பர், இதே காம்பவுண்டு. கார் பெயின்டருக்கும் படகு மேஸ்திரிக்கும் கை ஒன்றே. மரம் அறிந்த கை இருந்த கரையில் இப்போது ரெசின் அறிந்த கை. இதை நான் இழப்பென்று சொல்லமாட்டேன், இதுவும் முழு வித்தைதான்.

ஆனால் மரத்தூள் வேறு, ஃபைபர் தூள் வேறு. அன்று அந்த மேஸ்திரியின் முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும். முழங்கை வரை தோல் சிவந்து அரித்துக்கொண்டிருந்தது. ரெசின் நெடி எனக்கு வீடு வந்தும் மூக்கில் நின்றது. நல்ல முகமூடி, கையுறை, ரெசினை வேகமாக இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும் என்ற பாடம் — இவற்றைப் படகோடு சேர்த்தே கரைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். முடிச்சூர், வரதராஜபுரம் மறுபடி மூழ்கின. படகுகளும் மறுபடி தெருவுக்குள் வந்தன. தண்ணீர் வடிந்த தெருவோரம் ஒரு படகு லாரிக்காகச் சாய்ந்து கிடந்தது. குனிந்து அடிவயிற்றைப் பார்த்தேன். செங்கல் இழுத்த நீளக்கோடு ஒன்று, அதன் நுனியில் நார் தெரிந்தது. லாரி வந்ததும் ஆறு பேர் தோள்கொடுத்துத் தூக்கினார்கள். அந்தக் காயம் தட்டில் உரசாமல் இருக்க, ஒருவர் தன் ஈரத் துண்டை மடித்து அடியில் வைத்தார்.