புற்றுநோயைக் காட்டும் ஒளி

புற்றுநோய் என்றதுமே உள்ளம் நடுங்குகிறது. ஆயினும் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பல வகைப் புற்றுநோய்களைக் குணமாக்கலாம். இதற்கு அறிவியலார் ஒளியைத் துணைக்கு அழைத்துள்ளனர்.

கண்ணாடி முப்பட்டகத்தின் ஒரு பக்கத்தில் சுமார் 50 நானோமீட்டர் தடிப்புள்ள தங்கப்படலத்தைப் பூசுகின்றனர். இது தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லியது! கண்ணாடி வழியே செலுத்தப்படும் ஒளி தங்கத்தில் பட்டுத் திரும்பும். ஆனால் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒளியின் ஆற்றலைக் கவர்ந்துகொள்ளும். திரும்பும் ஒளி மங்கிவிடும். தங்கத்தின்மீது ஏதேனும் படிந்தால் அக்கோணம் மாறும். 1983-ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு அறிஞர்கள் இம்முறையால் புரதங்களைக் கண்டறிந்து காட்டினர்.

புற்றுநோய் உயிரணுக்கள் பல, நல்ல உயிரணுக்களைவிடச் சற்று அதிகமாக ஒளியை விலகச் செய்கின்றன. ஆகவே அவை படியும்போது கோணம் வேறுபட்டு, அவற்றைக் காட்டிக்கொடுக்கும். 2004-இல் பிரித்தெடுக்கப்பட்ட கிராஃபீன் என்னும் ஓரணுத் தடிப்புள்ள கரிப்படலத்தைத் தங்கத்தின்மேல் விரித்தால், உயிர்மூலக்கூறுகள் நன்கு ஒட்டும். கருவியின் நுட்பமும் கூடும்.

புற்றுநோய்க்கான இத்தகைய கருவிகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளன. அவை வரும்வரை நாம் காத்திருக்கலாமா? கட்டியோ ஆறாத புண்ணோ கண்டால் வெட்கத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவோம். நம் அன்னையரையும் அவ்வாறு செய்யத் தூண்டுவோம். இறைவன் தந்த உயிரைக் காப்பது நம் கடமையன்றோ!